நாலாம் நம்பர் படகு

போனில் வந்த படத்தை அய்யப்பன் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பிறகு பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

படத்தில் ஒரு படகு. நீண்ட மூக்கு, செக்கச் சிவந்த மஹோகனி மரம், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலப் பளபளப்பு. முன்தளத்தில் இடப்பக்கம் மூன்றாவது பலகையில் மாட்டு நெற்றியில் இருப்பது போல ஒரு சுழி. அந்தப் பலகையைக் கழித்துவிடச் சொன்னான் கூட்டாளி ரகுநாத். "இருக்கட்டும் மாப்ள, அழகா இருக்கு" என்று அய்யப்பன்தான் பிடிவாதமாக வைத்து இழைத்தான்.

அவனுடைய படகு. மணமேல்குடிக் கொட்டகையில் அவன் கட்டிய நாலாம் நம்பர். போன சித்திரையில் ஆலப்புழை ரிசார்ட்டுக்கு என்று லாரி ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரி திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்ற படகு.

படத்துக்குக் கீழே ஆங்கிலம். அய்யப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். 1938ஆம் வருடத்து கிறிஸ்-கிராஃப்ட். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடு ஒன்றில் எண்பது வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஏலம் அடுத்த மாதம். பழுது பார்த்துக் கொடுத்தவர்: அய்யப்பன்.

படத்தை அனுப்பியவன் ரோடெல். துபாயில் அய்யப்பன் வேலை பார்த்த படகுப் பட்டறையின் ஃபோர்மேன், பிலிப்பைன்ஸ்காரன். "வாழ்த்துகள் நண்பா! உன் ஊரிலேயே ஒரு கிறிஸ்-கிராஃப்ட் கிடைத்துவிட்டதே!" என்று எழுதி, கை தட்டும் பொம்மை நாலு வைத்திருந்தான்.

கிடைத்துவிட்டதாம்.

பதினைந்து வருடம் அந்தப் பட்டறையில் அய்யப்பன் தொட்டதெல்லாம் அந்தப் பெயர்தான். அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் ஸ்மித் என்கிற தச்சர் குடும்பம் தொடங்கிய கம்பெனி. ஏரியில் வாத்து சுட வருகிறவர்களுக்குப் படகு கட்டிக்கொண்டிருந்த மனுசர், பிறகு காற்றைக் கிழிக்கிற விசைப்படகு கட்ட ஆரம்பித்தார். பணக்காரர்கள் வாங்கினார்கள், சினிமாக்காரர்கள் வாங்கினார்கள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அட்டை. எந்த எஞ்சின், எந்த நிறம், எந்தத் துறைமுகத்துக்குப் போனது என்று அத்தனையும் அட்டையில். அந்த அட்டைகள் இன்றைக்கும் அங்கே ஒரு மியூசியத்தில் இருக்கின்றன. நூறு வருடப் படகை இறக்குமதி செய்து, துபாய் வெயிலில் வைத்து, பதினெட்டுத் தடவை வார்னிஷ் அடித்து, ஒவ்வொரு தடவைக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து... அய்யப்பனின் விரல் ரேகை தேய்ந்து, விசா ஆபீஸ் மிஷின் இரண்டு தடவை அவனை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது.

அதே பட்டறையில் ஆபீஸ் வேலையில் இருந்தவன் ரகுநாத். அறந்தாங்கிக்காரன். ஒரே அறை, மேல் கட்டில் கீழ்க் கட்டில். தங்கை சரண்யாவை அவனுக்குக் கட்டிக் கொடுத்ததே அய்யப்பன்தான். "நாமளே ஊருக்குப் போயி இதே மாதிரி கட்டுவோம் மச்சான். ஒன் கையி, என் வாயி" என்றான் ரகுநாத். வந்தார்கள். கட்டினார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒவ்வொரு படகிலும் ஒரு பித்தளைத் தகடு: அய்யப்பன், மணமேல்குடி.

படத்தை மறுபடி இழுத்தான். தகடு இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை. மரக்குச்சி அடித்து, தேய்த்து, வார்னிஷ் பூசி மூடியிருந்தது. நல்ல வேலைகூட இல்லை. அவசர வேலை.

அடுத்த படம் ஒரு சான்றிதழ். "இப்படகின் மூல மரங்களைப் பழுது பார்த்தேன், இது அசல் என உறுதி கூறுகிறேன்." கீழே கையெழுத்து. அய்யப்பனுடையது. அசல்.

ஞாபகம் வந்தது. போன மாசி மாதம், சாப்பாட்டு நேரத்தில் ரகுநாத் ஏழெட்டு லெட்டர்பேட் தாளை நீட்டினான். "ஜிஎஸ்டிக்கு மச்சான், வரிசையா போட்டுக் குடு." சோற்றுக் கையைக் கழுவிவிட்டு அய்யப்பன் வரிசையாகப் போட்டுக் கொடுத்தான். வெற்றுத்தாள். தங்கச்சி மாப்பிள்ளை கேட்கிறான், இதில் படிக்க என்ன இருக்கிறது?

ரகுநாத்துக்குப் போன் போடவில்லை. பைக்கை எடுத்தான்.

*

அறந்தாங்கி தாண்டி, திருமயம் சாலையில் விலகி, அந்த ஊரைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் விசாரித்தால் போதுமாக இருந்தது. "மரப் போட்டு வச்சிருக்கிற செட்டியார் வீடா? அங்கிட்டு மூணாவது தெரு."

வீட்டுக்காரர் சொக்கநாதனுக்கு எழுபது இருக்கும். வெள்ளை வேட்டி, வெறும் மேல், காதில் ப்ளூடூத் கருவி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஆள் வந்ததே அவருக்குப் பெரிய சந்தோஷம்.

"வாங்க தம்பி, போட்டுப் பாக்க வந்தீகளா? நாளைக்குத்தான மெட்ராஸ்லேருந்து போட்டச் சோதிக்கிற அம்மா வாறாகன்னு சொன்னாக."

பக்கவாட்டுக் கார் கொட்டகையில், மர முட்டின் மேல், நாலாம் நம்பர் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பழைய அண்டா, உடைந்த சாரட்டுச் சக்கரம், தூசி. தூசிகூட அளவாக இருந்தது. அய்யப்பன் போய்ச் சுழியின் மேல் கை வைத்தான்.

"தொடாதீக தம்பி, தொடாதீக! எங்க ஐயா பினாங்குலேருந்து கப்பல்ல கொண்டாந்தது. தொண்டியில எறக்கி, பன்னெண்டு மாடு பூட்டி இழுத்து வந்தாக."

"அய்யா, இது நான் கட்டுனதுங்க. ரெண்டு வருசம் முன்னாடி. மணமேல்குடில."

சொக்கநாதன் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல. "ஆமா, அப்படித்தான் மொதல்ல போட்டக் கொண்டாந்த தம்பியும் சொல்லிச்சு. வெளம்பரத்துக்கு ரெண்டு மாசம் நிப்பாட்டிக்கிறேன், வீடு பழசா இருக்கு, படம் எடுக்கணும்னாக. சரின்னேன். பொறகு பாத்தா... தம்பி, எனக்கு ஞாபகம் வந்துருச்சு. எங்க ஐயா இதுல ஒக்காந்து போனது கண்ணுக்குள்ள நிக்குது."

"ஒங்களுக்கு எப்படிங்கய்யா ஞாபகம் வந்துச்சு?"

"அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துச்சுல்ல. படிக்கப் படிக்க வந்துருச்சு."

"எந்தப் பொண்ணு?"

உள்ளே போய் மூன்று தாள் கொண்டுவந்தார். நீல மையில், கோடு போட்ட நோட்டுத் தாளில், முத்து முத்தான எழுத்து. 'மேடம் கேட்டால்: ஐயா பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தார். மேடம் கேட்டால்: சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், பூட்டித்தான் கிடந்தது.' பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி பதில் எழுதிப் போடுகிற மாதிரி, கேள்விக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு.

ஒவ்வொரு 'ழ'வின் வாலையும் அந்த மாதிரிச் சுழித்து எழுதுகிறவள் அய்யப்பனுக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் ஒன்பதாவது படிக்கும்போது, துபாயிலிருந்து முதல் சம்பளத்தில் மைப்பேனா வாங்கி அனுப்பியது அவன்தான்.

*

"வாண்ணே, சாப்டியா?" என்றாள் சரண்யா கதவைத் திறந்ததும்.

அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர். கையில் விடைத்தாள் கட்டு. மூன்றில் பெரியவர் விட்டுக்கொடுத்த இரண்டு தாளை அய்யப்பன் அதன் மேல் வைத்தான். அவள் பார்த்தாள். முகம் மாறவே இல்லை. அதுதான் அவனை அடித்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? அந்த வெப்சைட்ல வந்த இங்கிலீசும் நான் எழுதுனதுதான்." கட்டைத் தட்டி அடுக்கினாள். "ஒன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்டண்ணே."

உள்ளே இருந்து ரகுநாத் வந்தான். கையில் டீ டம்ளர். "மச்சான், ஒக்காரு. கத்தாத. பக்கத்து வீட்ல ஆளு இருக்கு."

"நான் இன்னும் கத்தவே இல்ல மாப்ள."

"கத்துவ. அதான் முன்னாடியே சொல்றேன்." நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "மொத மூணு போட்ட நான் எப்படி வித்தேன்னு ஒனக்குத் தெரியுமா? கோவாவுல ஒருத்தன் போட்டச் சுத்திச் சுத்தி வந்தான். தடவுனான். போட்டோ புடிச்சான். யாரு கட்டுனதுன்னான். மணமேல்குடின்னேன். சிரிச்சான் மச்சான்! அதே போட்ட கிறிஸ்-கிராஃப்ட்டுன்னு சொல்லு, எந்திரிச்சு நிப்பான். அந்தக் கம்பெனி இப்பவும் ஃபைபர்ல அதே மூக்கு, அதே வளைவு வச்சுப் புதுசு புதுசா விடுறான்ல, ஏன் போட்டி போட்டு வாங்குறாங்க? ஓடுற போட்டு வேணும்னா ஆயிரம் இருக்கு. எவனும் போட்ட வாங்கல. ஒரு தாத்தாவ வாங்குறான். நம்மகிட்ட தாத்தா இல்ல. அதான் ஒருத்தர செட்டப் பண்ணேன்."

"அந்தத் தாத்தாவுக்கு நான் எதுக்குடா கையெழுத்துப் போடணும்?"

"போட்டாச்சே."

டீயை ஒரு வாய் உறிஞ்சினான். அவன் பார்வையில் கோபம் இல்லை, பயம் இல்லை. கணக்கு வாத்தியார் பார்வை.

"எஞ்சின் மூடிக்கு அடியில நம்பர் அடிச்சது யாரு மச்சான்? நீதான். அசலுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீதான். எங்கயாச்சும் என் பேரு இருக்கா பாரு. நாளைக்கு அந்த சர்வேயர் அம்மா வருது. நீ வா, ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசு, போ. இல்ல, வாயத் தொறப்பேன்னா, மொதல்ல போலீசு வர்றது மணமேல்குடிக்குத்தான்."

நம்பர். ஆமாம். 'அந்தக் கம்பெனி மாதிரியே அடிப்போம் மச்சான், பாக்குறவன் சொக்கிப் போவான்' என்று ரகுநாத் காகிதத்தில் எழுதிக் கொடுத்த எண். உயிரோடு இல்லாத ஏதோ ஒரு படகின் எண் அது என்று அய்யப்பனுக்கு இப்போதுதான் உறைத்தது. எந்தத் துறைமுகத்துக்கோ கிழக்கே கப்பலேறிப் போய், தடயமில்லாமல் போனது. அதன் பிணத்துக்கு இவன் கட்டிய உடம்பு.

"சரண்யா," என்றான். "நீ சொல்லு. எனக்கு எதுவும் ஆகாதுன்னு நெனச்சியா? இல்ல, ஆனாலும் ஆகட்டும்னு நெனச்சியா?"

அவள் ஒரு விடைத்தாளை எடுத்துத் திருப்பினாள். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள்.

"தோசை ஊத்தவாண்ணே?" என்றாள்.

*

சர்வேயர் பிரகதாம்பாள் சரியாகப் பத்து மணிக்குக் காரை விட்டு இறங்கினார். ஐம்பத்தைந்து வயது, நரைத்த கிராப்பு, பாக்கெட் நிறைய உள்ள சட்டை. புதுக்கோட்டைப் பெயர், பேச்சு சென்னை. ஏலத்தில் கேட்கப் போகிற வெளிநாட்டுக்காரர் அனுப்பிய ஆள். ஒரு டார்ச், ஒரு சின்ன மரச் சுத்தி. பலகை பலகையாகத் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் தட்டுகிற மாதிரி. ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

எஞ்சின் மூடியைத் தூக்கி எண்ணைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார், குஜராத்தில் ஆலங் துறைமுகத்தில் உடைத்த கப்பலிலிருந்து ரகுநாத் வாங்கிய பழைய எஞ்சின். மரத்தைச் சுரண்டி முகர்ந்தார். கொச்சியில் இடித்த கட்டடத்து மஹோகனி, நூறு வயதுக்குக் குறையாது. சொக்கநாதன் மிச்சமிருந்த நோட்டுத் தாளைப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு மாட்டையும் தொண்டியிலிருந்து மறுபடி ஒரு தடவை ஓட்டி வந்தார். இன்றைக்குப் பதினாறு மாடு ஆகியிருந்தது.

சரண்யா பள்ளிக்கு லீவு போட்டு வந்து, டீச்சர் என்று அறிமுகம் சொல்லிக்கொண்டு, கணவனுக்குப் பக்கத்தில் நின்றாள். நல்ல பட்டுச் சேலை.

"அய்யப்பன் நீங்கதானே?" பிரகதாம்பாள் நிமிர்ந்தார். "முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். திருகாணியோட தலைக்கோடு எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிக்கிற படகை இப்பத்தான் பார்க்கிறேன். பழைய பலகையில எத்தனை மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தல மேடம்."

ரகுநாத் புன்னகைத்தான்.

"மாத்துறதுக்குப் பழசுன்னு ஒண்ணு இல்ல. எல்லாம் நான் புதுசாப் போட்டது. இது கிறிஸ்-கிராஃப்ட் இல்ல மேடம். ரெண்டு வருசம் முன்னாடி மணமேல்குடில நான் கட்டுனது."

ரகுநாத் கைகொட்டிச் சிரித்தான். "மேடம், நேத்து மச்சானுக்கும் எனக்கும் வீட்ல சின்னத் தகராறு. அதான் இப்படி. மச்சான், வெளாட்டு போதும்."

பிரகதாம்பாள் சிரிக்கவில்லை. "சான்றிதழ்ல இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"என்னோடதுதான்."

"அப்போ நீங்க அன்னைக்குப் பொய்யா, இன்னைக்குப் பொய்யா?"

"மர பில்லு?" என்று அவரே அடுத்துக் கேட்டார். எல்லாம் ரகுநாத் பெயரில். "கட்டும்போது எடுத்த படம்?" எல்லாம் ரகுநாத் போனில். அவன் போனை நீட்டினான்: "தேடிப் பாருங்க மேடம், ஒண்ணும் இல்ல." வேலை பார்த்த ஆட்கள்? ராமேசுவரம் பக்கத்துத் தச்சர்கள் இரண்டு பேர். இப்போது அவர்கள் மாலத்தீவில்.

"என்னால இதை மட்டும் வச்சு ஒண்ணும் எழுத முடியாது" என்றார் பிரகதாம்பாள். "சந்தேகம் இருக்குன்னு எழுதிட்டுப் போவேன். வாங்கறவர் விலகிக்குவார். அப்புறம் இவங்க வேற ஆளைத் தேடுவாங்க. உங்க கையெழுத்து அப்படியேதான் இருக்கும்."

அய்யப்பன் படகின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். முட்டுக்கு நடுவே, ஏரா மரம் மூக்கை நோக்கி வளைந்து ஏறுகிற இடம்.

"மேடம், எங்க பக்கத்துத் தச்சருங்க ஏரா வைக்காம படகு தொடங்க மாட்டாங்க. ஏரான்னா படகோட முதுகெலும்பு. அதையும் முகப்பு மரத்தையும் சேர்க்கிற மூட்டுக்குள்ள ஒரு காசு வைப்பாங்க. மஞ்சத் துணியில முடிஞ்சு, சூடம் காட்டி. காசு வைக்காத போட்டுக்கு அவங்க உளி எடுக்க மாட்டாங்க."

"யார் வைப்பாங்க?"

"போட்டுக்குச் சொந்தக்காரர். நாலாம் நம்பருக்கு மாப்ளதான் வச்சாரு. பத்து ரூபாக் காசு."

ரகுநாத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் இருந்த தைரியம் மட்டும் போனது. அத்தனையும் யோசித்தவன். எஞ்சின், மரம், எண், தாத்தா, தூசி. ஆனால் சாமி கும்பிடுகிற நேரத்தில் யார் யோசிப்பார்கள்? செருப்பைக் கழற்றினான், காசை முடிந்தான், கண்ணை மூடினான். மறந்தே போனான்.

"அத அறுத்தா போட்டு போச்சு!" என்று கத்தினான். "முட்டாள்தனம் மேடம், அந்த மூட்டு போனா மொத்தமும் போச்சு!"

அது மட்டும் உண்மை. அந்த மூட்டைச் சேர்க்க அய்யப்பனுக்கு ஒன்பது நாள் ஆனது. மயிரிழை விடாமல் சேர்த்தது. இனி எந்தக் கடலிலும் இது போகாது.

பைக்கிலிருந்து பையை எடுத்து வந்தான். சட்டையைக் கழற்றினான். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ரம்பத்தை வைத்தான். பதினெட்டுப் பூச்சு வார்னிஷ் முதலில் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. அப்புறம் சிவப்புத் தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. இடையில் யாரோ அழுதார்கள். எட்டிப் பார்த்தான். சொக்கநாதன். "எங்க ஐயா போட்டு... எங்க ஐயா போட்டு..." என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரண்யா அழவில்லை.

உளியை வைத்து ஒரு தட்டு. மரம் பிளந்தது. மஞ்சள் போன ஒரு சின்ன முடிச்சு அவன் மார்பில் விழுந்தது.

பிரகதாம்பாளே பிரித்தார். டார்ச் அடித்தார். வருடத்தை வாய்விட்டுப் படித்தார். "ரெண்டாயிரத்து இருபத்திரண்டு."

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுத ஆரம்பித்தார். "ஏல கம்பெனிக்கும் போகும், போலீசுக்கும் போகும். கேட்டா எங்கிட்ட சொன்னதையே சொல்லுங்க. கட்டினவர் யாரு?"

"அய்யப்பன், மணமேல்குடி."

எழுதினார். மூன்று வருடமாகத் தகட்டில் அடித்த பெயர், முதன்முதலாக ஓர் அறிக்கையில் ஏறியது. போலிப் படகு பற்றிய அறிக்கையில்.

"விற்க ஏற்பாடு பண்ணது?"

"ரகுநாத்."

"இந்தக் கதையெல்லாம் யார் எழுதினது? வெப்சைட்ல வந்தது, பெரியவருக்குக் குடுத்தது?"

அய்யப்பன் கண்ணில் விழுந்த மரத்தூளைத் துடைத்தான். மேலும் துடைத்தான்.

"தெரியல மேடம்" என்றான்.

பிரகதாம்பாள் பேனாவைத் தூக்கிப் பட்டுச் சேலையின் பக்கம் திருப்பினார். "பெரியவர் பார்த்துப் பேசின தாள்ல டீச்சர் எழுத்து மாதிரி இருந்தது. நீங்க டீச்சர்னு சொன்னீங்க. நீங்களா எழுதினீங்க?"

சரண்யா ரகுநாத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குக் கண். சின்ன வயதில் உடைந்த சிலேட்டுக்கு அவனைக் கைகாட்டிவிட்டு நிற்பாளே, அந்த மாதிரிகூட இல்லை. அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள்.

"நான் எழுதுனதுதான் மேடம்" என்றாள். "அண்ணன்தான் எழுதச் சொன்னாங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதுனேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ரகுநாத் உடனே பிடித்துக்கொண்டான். "ஆமா மேடம். எல்லாம் மச்சான் ஐடியாதான். நாங்க அவரு பேச்ச நம்பி..."

"அய்யப்பன்?" என்றார் பிரகதாம்பாள். "உண்மையா?"

அவன் பிளந்து கிடந்த மூட்டைப் பார்த்தான். அப்புறம் மேலே ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"இல்ல மேடம். எழுதிக்கோங்க. சரண்யா. அறந்தாங்கி."

"இனிஷியல்?"

"நா. நாகராசு மகள்" என்றான். "எங்க ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தான்."